பைக்குள் அடங்கும் கேமரா: தேர்வு முதல் பராமரிப்பு வரை முழுமையான வழிகாட்டி

கையடக்க டிஜிட்டல் கேமரா வாங்கியவர்களில் பலர் சில மாதங்களில் அதை இழுப்பறையில் போட்டுவிட்டு மறுபடியும் போனிலேயே படம் எடுக்கப் போய்விடுகிறார்கள். படத்தின் தரம் பிடிக்காமல் அல்ல. தேவைப்படும் நேரத்தில் பேட்டரி காலியாக இருக்கும். கார்டு கம்ப்யூட்டரில் செருகியபடியே கிடக்கும். போன வாரம் மாற்றிய ஏதோ ஒரு செட்டிங் அப்படியே நின்று, முதல் பத்துப் படங்களைக் கெடுத்துவிடும். பையிலிருந்து எடுத்த சில வினாடிகளில் சரியான ஒரு படம் விழ வேண்டும். அன்றாடப் படங்களுக்கான கேமராவை அந்த நிலையில் வைத்திருக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. கேமராவைத் தேர்ந்தெடுப்பதில் இருந்தே இதைத் தொடங்கலாம்.

எதைப் பார்த்து வாங்குவது

மெகாபிக்சலை மறந்துவிடுங்கள். ஏ4 தாளில் நல்ல தரத்தில் அச்சிடவே 9 மெகாபிக்சல் போதும். பார்க்க வேண்டியது சென்சாரின் அளவு. 1/2.3 அங்குலம், 1 அங்குலம் என்று விளம்பரங்களில் வரும் அளவுகள் பழைய வீடியோ கேமராக் குழாய்களின் விட்டக் கணக்கிலிருந்து வந்தவை; உண்மையான அங்குலம் அல்ல. 1 அங்குல சென்சார் என்பது 13.2 x 8.8 மி.மீ. 1/2.3 அங்குல சென்சார் ஏறத்தாழ 6.2 x 4.6 மி.மீ. பரப்பளவில் முன்னது சுமார் நான்கு மடங்கு பெரிது. அதனால் மாலை மங்கிய பிறகும், வீட்டுக்குள் விளக்கு வெளிச்சத்திலும் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். நல்ல வெயிலில் அவ்வளவாகத் தெரியாது.

ஆனால் சென்சார் பெரிதானால் அதற்கேற்ற லென்ஸும் பெரிதாகும். சின்ன உடலுக்குள் பெரிய சென்சாரை வைத்தால் ஜூமைக் குறைத்தாக வேண்டும். 2012-இல் வந்த சோனி ஆர்எக்ஸ்100 சட்டைப்பை அளவுக்குள் 1 அங்குல சென்சாரைக் கொண்டுவந்தது. அதன் ஜூம் 28 முதல் 100 மி.மீ. வரைதான் (எண் சிறிதானால் அகலமான காட்சி, பெரிதானால் தூரத்தில் இருப்பது நெருங்கும்). ரிக்கோ ஜிஆர் 3 இன்னும் பெரிய ஏபிஎஸ்-சி சென்சாரை வைத்திருக்கிறது. அதில் ஜூமே இல்லை, உள் பிளாஷும் இல்லை. 30 மடங்கு ஜூம் உள்ள பயணக் கேமராக்களில் இருப்பதோ 1/2.3 அங்குலம். வீட்டு நிகழ்ச்சிகள், குழந்தைகள், சாப்பாட்டு மேசை, தெரு என்றால் 1 அங்குலம். பறவை, மேடை, தூரத்து மலை என்றால், போதிய வெளிச்சம் இருக்கும்வரை, நீண்ட ஜூம். இரண்டும் ஒரே பெட்டியில் வேண்டும் என்று தேடினால் அது சட்டைப்பைக்குள் அடங்காது.

பழைய கேமரா வாங்குவதாக இருந்தால் முதலில் கார்டைப் பாருங்கள். பெரிய கொள்ளளவு எஸ்டி கார்டுகளுக்கான எஸ்டிஹெச்சி தரம் 2006-இல்தான் வந்தது. அதற்கு முந்தைய பெரும்பாலான கேமராக்கள் 2 ஜிபிக்கு மேற்பட்ட கார்டைப் படிக்கமாட்டா. பழைய ஒலிம்பஸ், ஃபுஜிஃபில்ம் மாடல்களில் எக்ஸ்டி கார்டு, சோனியில் மெமரி ஸ்டிக் என்று இருக்கும். இவை இப்போது கிடைப்பது கடினம். அடுத்து பேட்டரி மாடல் எண்ணைத் தேடி, புதிதாகக் கிடைக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். பிறகு கேமராவைக் கையில் வாங்கி ஐந்து நிமிடம் சோதிக்கலாம்:

1. ஜூமை ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நான்கைந்து முறை நகர்த்துங்கள். கரகரவென்று சத்தம் வந்தாலோ நடுவில் தயங்கினாலோ லென்ஸ் குழாய்க்குள் தூசியோ மணலோ இருக்கிறது. விட்டுவிடுங்கள்.
2. கேமராவை இயக்கி, லென்ஸின் மேல் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போன்ற இழைகள் தெரிந்தால் பூஞ்சை.
3. லென்ஸை உள்ளங்கையால் மூடி ஒரு வினாடி எக்ஸ்போஷரில் (ஷட்டர் திறந்திருக்கும் நேரம்) ஒரு படம். கறுப்பில் ஓரிரு வண்ணப் புள்ளிகள் இருந்தால் பரவாயில்லை. கோடாகவோ கொத்தாகவோ இருந்தால் சென்சார் பழுது.
4. வெள்ளைச் சுவரை எஃப் 8-இல் (எஃப் எண் கூடக்கூட லென்ஸின் துளை சிறிதாகும்) எடுத்துப் பெரிதாக்குங்கள். மங்கலான சாம்பல் வட்டங்கள் உள்ளே புகுந்த தூசி. லென்ஸைக் கழற்ற முடியாத கேமராவில் இதை நாமே துடைக்க வழியில்லை.
5. பிளாஷை மூன்று முறை அடிக்க வைத்து, எல்லாப் பட்டன்களையும் அழுத்திப் பாருங்கள். பேட்டரியைக் கழற்றி மாட்டினால் தேதி அழிகிறது என்றால் உள்ளே இருக்கும் சிறு மின்கலம் சார்ஜ் தீர்ந்திருக்கலாம். சார்ஜ் உள்ள பேட்டரியோடு ஒரு நாள் வைத்தும் நிற்கவில்லை என்றால் செத்துவிட்டது. படம் எடுக்க அது தடையில்லை.

முதல் நாள் மாலை செய்ய வேண்டியவை

பேட்டரியை முழுதாக சார்ஜ் செய்து, கார்டைக் கேமராவிலேயே ஃபார்மட் செய்யுங்கள். கம்ப்யூட்டரில் செய்தால் போதாதா என்றால், கேமரா எதிர்பார்க்கும் கோப்பு அமைப்பையும் ஃபோல்டரையும் அதுவே உருவாக்கிக்கொள்வது நல்லது. "கார்டு எரர்" என்ற வகையைச் சேர்ந்த பல சிக்கல்கள் அதோடு போய்விடும். தேதியையும் நேரத்தையும் நிமிடம் வரை போனோடு ஒத்துப்போகும்படி வையுங்கள். இல்லையென்றால் ஒரே நிகழ்ச்சியில் போனில் எடுத்ததும் கேமராவில் எடுத்ததும் வரிசை மாறி, பின்னர் தலைவலிதான். படத்தின் மூலையில் தேதியை அச்சிடும் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். தேதி எப்படியும் கோப்புக்குள் பதிவாகிறது. படத்தின் மேல் விழுந்த ஆரஞ்சு எழுத்தை எடுக்கமுடியாது.

மெனுவில் அடுத்து மாற்ற வேண்டியவை: படத்தின் அளவு முழுமையாகவும், ஜேபெக் தரம் மிக நேர்த்தியானதாகவும் இருக்கட்டும். 20 மெகாபிக்சல் ஜேபெக் ஒன்று சுமார் 6 முதல் 8 எம்பி. 32 ஜிபி கார்டில் நான்காயிரம் படம் பக்கம் அடங்கும். இடத்தை மிச்சம் பிடிக்க அவசியமே இல்லை. டிஜிட்டல் ஜூமை அணையுங்கள். அது படத்தின் நடுப்பகுதியை வெட்டிப் பெரிதாக்குகிறது, அதைப் பிறகு நீங்களே செய்துகொள்ளலாம். கோப்பு எண்ணைத் தொடர்ச்சியாக வையுங்கள். ஒவ்வொரு முறை ஃபார்மட் செய்யும்போதும் 0001-இல் தொடங்கினால், ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் மோதி, ஒன்றின் மேல் மற்றொன்று எழுதப்பட்டு, பழைய படம் காணாமல் போகும். பீப் சத்தத்தை அணைத்தால் தூங்கும் குழந்தையும், கூட இருப்பவர்களும் நன்றி சொல்வார்கள்.

ஐஎஸ்ஓ என்பது கேமரா வெளிச்சத்தை எவ்வளவு பெருக்கிக்காட்டுகிறது என்ற அளவு; ஏற ஏறப் படம் சொரசொரப்பாகும். தானியங்கி ஐஎஸ்ஓவுக்கு மேல் வரம்பு வைக்க வழியிருந்தால், 1/2.3 அங்குல சென்சாருக்கு 800 அல்லது 1600, 1 அங்குலத்துக்கு 3200, ஏபிஎஸ்-சிக்கு 6400 என்று வையுங்கள். வரம்பு வைக்காவிட்டால் கேமரா தன் விருப்பத்துக்கு ஏறி, தோலின் மேல் எண்ணெய் வண்ண ஓவியம் போல மழுங்கிய பூச்சைக் கொடுத்துவிடும். ஆனால் ஒன்று: சொரசொரப்பான படத்தைப் பொறுத்துக்கொள்ளலாம், அசைந்து கலங்கிய படத்தைக் காப்பாற்ற முடியாது. எதை விட்டுக்கொடுப்பது என்று தயங்கும்போது ஐஎஸ்ஓவை ஏற விடுங்கள்.

படம் எடுக்கும்போது

மோட் டயலை பி-யில் (புரோகிராம் மோட்) வைத்துத் தொடங்கலாம். முழு தானியங்கிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் என்னவென்றால், பி-யில் எக்ஸ்போஷர் திருத்தம், பிளாஷ், வெள்ளைச் சமநிலை எல்லாம் உங்கள் கையில் இருக்கும். பச்சை நிறத் தானியங்கியில் பல கேமராக்கள் இவற்றைப் பூட்டிவிடும்.

பழகிக்கொள்ள வேண்டிய முதல் விஷயம் ஷட்டர் பட்டனைப் பாதி அழுத்துவது. பாதி அழுத்தினால் கேமரா ஃபோகஸ் செய்து பச்சைக் கட்டம் காட்டும். அந்த நிலையிலேயே காத்திருந்து, முகம் திரும்பும்போது முழுதாக அழுத்துங்கள். ஒரே மூச்சில் அழுத்தினால் ஃபோகஸ் தேடும் நேரம் படத்துக்கு முன்னால் வந்து, சிரிப்பு முடிந்த பிறகு படம் விழும். கையடக்க கேமரா "மெதுவானது" என்ற புகாரில் பெரும்பகுதி இதனால்தான். கட்டம் மஞ்சளாகவோ சிவப்பாகவோ இருந்தால் ஃபோகஸ் கிடைக்கவில்லை. ஒரு அடி பின்னால் போங்கள், அல்லது கோடோ விளிம்போ உள்ள இடத்தைக் குறிவையுங்கள். வெறும் சுவரில் கேமராவுக்குப் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை.

இரண்டாவது, எக்ஸ்போஷர் திருத்தம். படத்தை வெளுப்பாகவோ இருட்டாகவோ ஆக்கும், பிளஸ்-மைனஸ் குறியுள்ள பட்டன் அல்லது டயல் அது. எதைப் பார்த்தாலும் அது நடுத்தரச் சாம்பல் நிறம் என்று எடுத்துக்கொள்வது கேமராவின் சுபாவம். அதனால் வெள்ளைத் துணி, பனி, மணல், வெளிர் சுவர் நிறைந்த காட்சியை மங்கலாக்கும். கறுப்பு உடையையும் இருண்ட மேடையையும் தேவைக்கு மேல் வெளுக்கவைக்கும். வெள்ளை நிறைந்த காட்சிக்கு +0.7 முதல் +1 வரை, கறுப்பு நிறைந்ததற்கு -0.7. அந்தி வானத்தின் நிறம் வேண்டுமென்றால் -0.7 அல்லது -1. ஜன்னலுக்கு முன் நிற்பவரின் முகம் வேண்டுமென்றால் +1. ஜன்னல் வெளுத்துப்போவதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். ஜேபெக்கில் முழுவதும் வெளுத்துப்போன இடத்தை எந்த மென்பொருளாலும் மீட்கமுடியாது, இருண்ட இடத்தை ஓரளவு தூக்கிவிடலாம். சந்தேகம் வந்தால் கொஞ்சம் இருட்டாகவே எடுங்கள். முடிந்ததும் திருத்தத்தைப் பூஜ்யத்துக்குத் திருப்ப மறக்கக்கூடாது. பல கேமராக்கள் அணைத்து இயக்கினாலும் அதை நினைவில் வைத்திருக்கும்.

மூன்றாவதுதான் எல்லோரையும் அலைக்கழிப்பது: கலங்கல். இதில் இரண்டு வகை உண்டு, மருந்து வேறுவேறு. படம் முழுதும் ஒரே திசையில் இழுபட்டிருந்தால் கை நடுக்கம். பின்னணி தெளிவாக இருந்து ஆள் மட்டும் கலங்கியிருந்தால் ஆள் அசைந்திருக்கிறார். கேமராவின் நிலைப்படுத்தும் வசதி முதல் வகையைத்தான் குறைக்கும். அது ஓடும் குழந்தையை நிறுத்தாது. கை நடுக்கத்துக்குப் பழைய கணக்கு இன்றும் செல்லும்: 100 மி.மீ. ஜூமில் 1/100 வினாடி, 28-இல் 1/30. நிலைப்படுத்தும் வசதி இருந்தால் இதைவிட இரண்டு மூன்று ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்பது இரு மடங்கு நேரம்) இறங்கலாம். அசையும் ஆளுக்கு ஷட்டர் வேகத்தை நாமே வைக்கும் எஸ் மோட் போட்டு, பேசிக்கொண்டிருப்பவருக்கு 1/125, விளையாடும் குழந்தைக்கு 1/250, ஓட்டத்துக்கு 1/500 என்று நீங்களே நிர்ணயித்து, ஐஎஸ்ஓவைத் தானியங்கியில் விடுங்கள். பி மோட் வீட்டுக்குள் 1/30 அல்லது 1/60-இலேயே நின்றுவிடும். பிறந்தநாள் படங்கள் வீணாவது இதனால்தான்.

வீட்டுக்குள் ஜூம் செய்வதும் அதே குற்றவாளியின் கூட்டாளி. ஆர்எக்ஸ்100-இன் முதல் மாடலில் அகலக் கோணத்தில் எஃப் 1.8, ஜூமின் முடிவில் எஃப் 4.9. உள்ளே வரும் வெளிச்சம் ஏழில் ஒரு பங்காகக் குறைகிறது. ஆகவே மங்கிய இடத்தில் ஜூமைத் தொடாமல் நடந்து நெருங்குங்கள். ஆனால் அகலக் கோணத்தில் முகத்துக்கு மிக அருகே போனால் மூக்கு பெருத்து காது சிறுத்துவிடும், ஓரத்தில் நிற்பவர் அகலமாகத் தெரிவார். வெளிச்சம் இருக்கும்போது ஒன்றரை, இரண்டு மீட்டர் தள்ளி நின்று 50 முதல் 70 மி.மீ. வரை ஜூம் செய்தால் முகம் முகமாக இருக்கும்.

அபெர்ச்சரை, அதாவது லென்ஸின் துளையை, சுருக்கினால் கூர்மை கூடும் என்று பெரிய கேமராக்காரர்கள் சொல்வதை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ளக்கூடாது. சின்ன சென்சாரில் எஃப் 8-ஐத் தொட்டாலே ஒளி சிதறிப் படம் மென்மையாகத் தொடங்கும். 1 அங்குலத்துக்கு எஃப் 4 முதல் 5.6 வரை நல்ல இடம். 1/2.3 அங்குலத்தில் முழுதாகத் திறந்தே வைக்கலாம்.

விளக்கு வெளிச்சத்தில் படத்தின் குறுக்கே இருண்ட பட்டைகள் விழுந்தால் எலக்ட்ரானிக் ஷட்டரை அணைத்து மெக்கானிக்கலுக்கு மாறுங்கள். அந்த வசதி இல்லையென்றால், 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள இடத்தில் 1/50 அல்லது 1/100, 60 ஹெர்ட்ஸ் உள்ள இடத்தில் 1/60 அல்லது 1/125 வையுங்கள்.

பிளாஷ்

உள் பிளாஷ் எட்டும் தூரம் சுமார் மூன்று மீட்டர். அரங்கின் பின்வரிசையிலிருந்து மேடைக்கு பிளாஷ் அடிப்பது முன்வரிசைக்காரரின் தலையைத்தான் வெளுக்கும். லென்ஸுக்கு மிக அருகில் பிளாஷ் இருப்பதால் ஒளி விழித்திரையில் பட்டு நேராகத் திரும்பி, கண் சிவக்கிறது. அறை விளக்கை ஏற்றினால் கண்மணி சுருங்கி இது குறையும். மழைத்தூறலிலும் தூசியிலும் படம் முழுக்க வெள்ளை வட்டங்கள் வருவதும் இதே நெருக்கத்தால்தான். பிளாஷை அணைத்தால் போய்விடும்.

இதன் உண்மையான பயன் பகலில். உச்சி வெயிலில் கண்களின் கீழ் விழும் நிழலுக்கும், வெளிச்சத்துக்கு முதுகு காட்டி நிற்பவருக்கும் பிளாஷைக் கட்டாயமாக அடிக்க வைத்து, அளவை -1 ஆக்குங்கள். பல கையடக்க கேமராக்களில் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருப்பதால் 1/1000 போன்ற வேகத்திலும் பிளாஷ் ஒத்துழைக்கும். சாதாரண எஸ்எல்ஆர் கேமராக்கள் 1/250 பக்கத்திலேயே நின்றுவிடுகின்றன. இரவில் முகம் வெளுத்துப் பின்னணி கும்மிருட்டாக வந்தால் மெதுவான ஒத்திசைவுக்கு (ஸ்லோ சிங்க்: பிளாஷோடு ஷட்டரும் கூடுதல் நேரம் திறந்திருக்கும் முறை) மாற்றி, கேமராவை எதிலாவது சாய்த்துப் பிடியுங்கள்.

பேட்டரியும் கார்டும்

பெட்டியில் எழுதியிருக்கும் படங்களின் எண்ணிக்கை, ஒன்றுவிட்டு ஒரு படத்துக்கு பிளாஷ் அடிக்கும் சோதனையில் கணக்கிட்டது. பிளாஷ் இல்லாமல் அதைவிடக் கூடுதலாக வரும். திரையை விடாமல் பார்த்துக்கொண்டிருந்தால் குறையும். எதுவானாலும் இரண்டாவது பேட்டரி தேவை. நெடுநாள் எடுக்கப்போவதில்லை என்றால் லித்தியம் பேட்டரியைப் பாதி சார்ஜில் கழற்றி வையுங்கள். முழு சார்ஜில் வெப்பமான இடத்தில் கிடந்தால் ஆயுள் குறையும், அடியோடு காலியாகக் கிடந்தால் பாதுகாப்புச் சுற்று பூட்டிக்கொண்டு சார்ஜே ஏறாது. உப்பிய பேட்டரியை அழுத்தி நுழைக்காதீர்கள், சார்ஜும் செய்யாதீர்கள். ஏஏ பேட்டரி போடும் பழைய கேமராவுக்கு ரீசார்ஜ் செய்யும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு வகைதான் சரி. கேமரா ஒரேயடியாக இழுக்கும் மின்சாரத்தைச் சாதாரண ஆல்கலைன் தாங்காது. புதிதாகப் போட்டதுமே "பேட்டரி காலி" என்று வருவது அதனால்.

கார்டில் "எழுத முடியாது" என்று வந்தால் முதலில் இடப்பக்கம் இருக்கும் சிறு பூட்டைப் பாருங்கள். தளர்ந்துபோய் தானே கீழே இறங்கியிருக்கும். பதிவு விளக்கு சிமிட்டும்போது மூடியைத் திறக்கக்கூடாது. தவறிப் படங்களை அழித்துவிட்டால் அந்தக் கார்டில் இன்னொரு படம்கூட எடுக்காமல் வெளியே எடுத்துவிடுங்கள். மேலே எதுவும் எழுதாதவரை மீட்பு மென்பொருளுக்கு வாய்ப்பு உண்டு. 4கே வீடியோவுக்கு வி30 என்று அச்சிட்ட கார்டு வேண்டும். வினாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் 32 ஜிபி சுமார் 40 நிமிடத்தில் நிரம்பும். அதற்கு முன்பே கேமரா சூடாகி நிற்கவும் கூடும்.

லென்ஸ் எரர்

கையடக்க கேமராவின் பலவீனமான உறுப்பு வெளியே நீளும் லென்ஸ் குழாய். பைக்குள் தவறுதலாக இயங்கி, லென்ஸ் வெளிவர இடமில்லாமல் முட்டுவதாலும், கடற்கரை மணலாலும், கீழே விழுவதாலும் இது மாட்டிக்கொள்ளும். அப்போது:

1. அணைத்து, பேட்டரியையும் கார்டையும் எடுத்துவிட்டுச் சில நிமிடம் காத்திருங்கள்.
2. முழு சார்ஜ் உள்ள பேட்டரியைப் போடுங்கள். பலவீனமான பேட்டரியால் லென்ஸ் மோட்டார் பாதியில் நின்றாலும் இதே செய்திதான் வரும்.
3. படம் பார்க்கும் பட்டனை அழுத்தி இயக்குங்கள். பழைய படங்கள் தெரிந்தால் மற்றவை நலம், கோளாறு குழாயில் மட்டுமே.
4. லென்ஸைக் கீழ்நோக்கிப் பிடித்து, குழாய்களின் இடைவெளியில் ரப்பர் புளோயரால் காற்றடித்து, கீழ்நோக்கியபடியே மறுபடி இயக்குங்கள்.

இதற்குமேல் பழுதுபார்ப்பவரிடம் போவதே நல்லது. குழாயைப் பிடித்து இழுப்பது, திருகுவது, ஸ்பிரே காற்றடிப்பது எல்லாம் உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பற்களை உடைக்கும் அல்லது தூசியை சென்சார்வரை தள்ளும்.

துடைப்பதும் வைப்பதும்

படம் முழுக்கப் புகைபோட்டது போல இருந்தால், நூற்றுக்குத் தொண்ணூறு லென்ஸின் மேல் விரல் ரேகை. முதலில் புளோயரால் தூசியை ஊதித் தள்ளி, பிறகு சுத்தமான மைக்ரோஃபைபர் துணியால் நடுவிலிருந்து வட்டமாகத் துடையுங்கள். ஊதாமல் துடைத்தால் மணல்துகளே கண்ணாடியைக் கீறும். திரவம் தேவைப்பட்டால் துணியில் ஒரு துளி. லென்ஸின் மேல் நேராக ஊற்றினால் ஓரத்தின் வழியாக உள்ளே போய்விடும்.

குளிரூட்டிய அறையிலிருந்து ஈரமான வெப்பத்துக்குப் போகும்போது கண்ணாடியின் உள்ளும் வெளியும் நீர் பூக்கும். வெளியே போகும் முன்பே காற்றுப்புகாத பையில் மூடி, வெளியே வந்தபின் அரை மணி நேரம் பொறுத்துத் திறந்தால் நீர் பையின் மேல் படியும், லென்ஸின் மேல் அல்ல. தோல் உறைக்குள் மாதக்கணக்கில் மூடி வைப்பது பூஞ்சைக்கு விருந்து. மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு, 40 முதல் 50 சதவீத ஈரப்பதத்தில் வையுங்கள். ஜெல் நிறம் மாறினால் உலர்த்தி மறுபடி போடலாம்.

படங்களை இறக்குவது

வைஃபை வசதி ஓரிரு படங்களை உடனே அனுப்பச் சரி. மொத்தமாக இறக்க கார்டு ரீடர்தான் வேகம், நம்பகம். கேமரா பழசானால் அதன் போன் செயலி புதிய போன்களில் வேலை செய்யாமலும் போகலாம். கார்டில் படங்கள் இருக்கும் டிசிஐஎம் ஃபோல்டரில் உள்ளதை 2025-03-14 என்பது போல ஆண்டு, மாதம், நாள் வரிசையில் பெயரிட்ட ஃபோல்டருக்கு நகலெடுங்கள். இப்படி எழுதினால் கம்ப்யூட்டரே காலவரிசையில் அடுக்கிக்கொள்ளும். "கட்" செய்யாதீர்கள், "காப்பி" மட்டும்: நடுவில் கேபிள் கழன்றால் இரண்டு பக்கமும் இழப்பு. வேறொரு ஹார்ட் டிஸ்க்கிலும் ஒரு பிரதி, வீட்டுக்கு வெளியே அல்லது இணையச் சேமிப்பில் இன்னொன்று என்று வைத்து, ஓரிரு படங்களைத் திறந்து சரிபார்த்த பிறகே கார்டை அழியுங்கள்.

ரீடரிலிருந்து எடுத்த கையோடு கார்டைக் கேமராவில் செருகி, அங்கேயே ஃபார்மட் செய்து, டயலைப் பி-க்கும் திருத்தத்தைப் பூஜ்யத்துக்கும் திருப்பி, சார்ஜ் ஏறிய பேட்டரியை மாட்டி வையுங்கள். "கார்டு இல்லாமலும் ஷட்டர் இயங்கும்" என்ற செட்டிங் உங்கள் மெனுவில் இருந்தால் அதை இப்போதே அணைத்துவிடுங்கள். கார்டை மறந்து கிளம்பிய நாளில், முதல் முறை அழுத்தும்போதே தெரிந்துவிடும்.